புத்தாண்டுத் தீர்மானமும் கண்டாலா ஏற்றமும்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் நம்மவர் வீடுகளில் இரண்டு பொருள்கள் சேர்ந்துவிடும். ஒன்று காலண்டர், மற்றொன்று டைரி. மளிகைக் கடைக்காரர் கொடுத்தது, வங்கியில் கொடுத்தது, மைத்துனர் கம்பெனியில் கொடுத்தது என்று வீட்டுக்கு மூன்று நான்காவது தேறும். அவற்றுள் அட்டை நன்றாக இருக்கும் ஒரு டைரியை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, முதல் பக்கத்தில் புத்தாண்டுத் தீர்மானங்களை எழுதுவோம். தினமும் 5 கி.மீ. நடை. மாதம் 10,000 ரூபாய் சேமிப்பு. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருவது. பொங்கல் பானையை இறக்குவதற்குள் இவற்றில் பாதி காற்றோடு போய்விடும். பிப்ரவரியில் அதே டைரியில் பால் கணக்கு ஏறியிருக்கும்.

இதற்குக் காரணம் நம் சோம்பேறித்தனம்தான் என்று நாமே நம்மைத் திட்டிக்கொள்கிறோம். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ரயில்வே முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1-ஆம் தேதி முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. மே மாதம் முதல் வாரம் ஊருக்குப் போக வேண்டுமானால் மார்ச் முதல் வாரம், காலை 8 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். நம்மில் யாராவது அந்த நாளை மறந்ததுண்டா? மனைவியின் பிறந்த நாளை மறப்பவர்கூட, அன்று 7.55-க்குக் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு கை கணினியில், ஒரு கை கைப்பேசியில் என்று குடும்பமே போர்க்களத்தில் நிற்கும். ஆக, நமக்கு ஊக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. நாளும் நேரமும் குறித்த வேலை, முடிந்ததா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும் வேலை என்றால் நாம் செய்துவிடுகிறோம். தீர்மானங்கள் நின்றுபோவதற்குக் காரணம் வேறு. சுமையைக் கணக்கிடும் முறையில் கோளாறு இருக்கிறது.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, மத்திய ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றவன். மனோதத்துவம் படித்தவன் அல்லன். ஆனால் ஒரு வண்டிக்கு எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதை நம் வீட்டுக் கணக்குக்கும் பயன்படுத்தலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தாதரிலோ குர்லா டெர்மினஸிலோ ஏறி, புனே வழியாக ஊருக்குப் போகும் நாம் எல்லோரும் கர்ஜத் நிலையத்தை அறிவோம். வண்டி நின்றவுடன் வடா பாவ் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடிக்கும். நாம் சில்லறை தேடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் வண்டியின் பின்புறம் ஒரு சிறு குலுக்கல் வரும். தொலைதூர வண்டிகளுக்கு அங்கே பின்னால் துணை இன்ஜின்களை இணைப்பது நெடுநாளைய வழக்கம். 'பேங்கர்' என்று பெயர். கர்ஜத்திலிருந்து லோனாவாலா வரை சுமார் 28 கி.மீ. தூரம் அவை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். கண்டாலா மலையை ஏறும் இந்தப் பாதை 1863-இல் திறக்கப்பட்டது. சில இடங்களில் 37 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற வேண்டும். சாலையில் போகிறவருக்கு இது ஓர் ஏற்றமாகவே தெரியாது. இரும்பின் மேல் இரும்பு உருளும் ரயிலுக்கு இது செங்குத்து.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். மும்பையும் கடற்கரை, சென்னையும் கடற்கரை. இரண்டு ஊர்களுக்கும் இடையே சராசரி ஏற்றம் எவ்வளவு என்று பார்த்தால் ஏறக்குறைய பூஜ்யம்தான் வரும். அந்தச் சராசரியை நம்பி ஒருவர் சமதளத்தில் இழுக்கும் சுமையை அப்படியே இன்ஜினில் மாட்டி அனுப்பினால், வண்டி கல்யாண் வரை பிரமாதமாகப் போகும், கர்ஜத் வரையிலும் போகும், மலையில் நின்றுவிடும். அதனால்தான் ஒரு பாதையில் எவ்வளவு இழுக்கலாம் என்பதை அந்தப் பாதையின் மிகக் கடுமையான ஏற்றத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். அதை 'ரூலிங் கிரேடியன்ட்' என்போம். மீதி ஆயிரம் கிலோமீட்டர் எவ்வளவு சுகமாக இருந்தாலும் அதற்கு மரியாதை இல்லை. அந்தச் சில மைல்களின் சொல்தான் சட்டம்.

நாம் தீர்மானம் எழுதுவது எந்த நாளில்? ஜனவரி முதல் தேதியில். வெயில் இல்லை, மழை இல்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை இல்லை. சிலருக்கு விடுமுறைகூட மிச்சம் இருக்கும். அதாவது சமதளத்தில் நின்றுகொண்டு சுமையைத் தீர்மானிக்கிறோம். நம் ஊர் வாழ்க்கையில் மலை எங்கே வருகிறது என்று பார்ப்பதில்லை.

மும்பை வட்டாரத்தில் இருக்கும் குடும்பத்துக்கு மலை பெரும்பாலும் ஜூனில் தொடங்குகிறது. மே மாதம் ஊருக்குப் போய்வந்த செலவு இன்னும் முதுகில் இருக்கும். ஜூன் நடுவில் பள்ளி திறக்கும். கட்டணம், புத்தகம், சீருடை, மழைக்கோட்டு, குடை, வீட்டில் ஒழுகும் ஜன்னலுக்குத் தார்ப்பாய். ஜூலையில் ஒரு நாளாவது தண்டவாளத்தில் தண்ணீர் நின்று, டோம்பிவிலிக்காரர் இரவு பதினோரு மணிக்கு முழங்கால் வரை நனைந்து வீடு சேருவார். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு மலை மார்ச் மாதம். பள்ளி ஆசிரியைக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் நாட்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு நவராத்திரி முதல் தீபாவளி வரை மூச்சுவிட நேரமிராது. அவரவர் மலை எது என்று அவரவருக்குத் தெரியும். டைரியின் முதல் பக்கத்தில் தீர்மானத்துக்கு முன்னால் அந்த மாதத்தின் பெயரை எழுத வேண்டும் என்பது என் கட்சி. அந்த மாதத்திலும் இழுக்கக்கூடிய சுமை எதுவோ, அதுதான் ஆண்டுக்கான சுமை.

சேமிப்பில் இது பளிச்சென்று தெரியும். அஞ்சலகத்தில் தொடர் வைப்பு, அதாவது ஆர்.டி., 5 ஆண்டுக் கணக்கு. ஜனவரிச் சம்பளத்தைப் பார்த்து மாதம் 10,000 என்று ஆரம்பிப்பவர் ஜூனில் தவணை தவறுவார், ஜூலையிலும் தவறுவார், பிறகு கணக்கையே மறந்துவிடுவார். ஜூனில் உங்களால் கட்ட முடிந்தது 3,000 என்றால் 3,000-க்கே ஆரம்பியுங்கள். மற்ற மாதங்களில் மிஞ்சுவதையும் தீபாவளி போனஸில் ஒரு பகுதியையும் தனியே போட்டுக்கொள்ளலாம். தவறாமல் வரும் 3,000-க்கு இருக்கும் பலம், நான்கு மாதம் வந்து நின்றுபோகும் பத்தாயிரத்துக்குக் கிடையாது.

நடைக்கும் இதே கணக்குத்தான். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது அரை மணி வீதம் ஐந்து நாள். இதை ஜூலை மழையில் எங்கே நடப்பீர்கள் என்று ஜனவரியிலேயே பார்த்து வையுங்கள். கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் வண்டிகள் நிறுத்தும் இடமா, வீட்டுக் கூடமா? அந்த இடம் தெரியாவிட்டால் உங்கள் நடை ஜூன் 10-ஆம் தேதியோடு சரி.

எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்கள். தகப்பனாருக்குத் தானேயில் வேலை. ஒரே பையன், அப்போது ஏழாம் வகுப்பு, ஆங்கிலப் பள்ளி. வீட்டில் தமிழ்தான் பேசுவான். அதில் கால் பங்கு இந்தியும் அரைக்கால் மராட்டியும் கலந்திருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஊரில் அவனுடைய ஆச்சி இருக்கிறார், வயது 78. ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். காது அனேகமாகக் கேட்காது. வாங்கிக் கொடுத்த கருவி இரைகிறது என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டார். தொலைபேசியில் பேச்சு என்பது இரண்டு பக்கமும் கத்தல்தான். "சாப்பிட்டீங்களா ஆச்சி?" என்று இவன் நாலு தடவை கத்துவான். "ஆமா, இங்கேயும் வெயில்தான்" என்று அவர் பதில் சொல்வார். கண் மட்டும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நன்றாகத் தெரிகிறது. செய்தித்தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பாராம். பேரனிடம் பேச அவருக்கு இருக்கும் ஒரே வழி எழுத்து. அந்த எழுத்து பேரனிடம் இல்லை.

சென்ற ஆண்டு ஜனவரி முதல் தேதி தகப்பனார் டைரியில் எழுதியிருந்தது இது: "தினமும் ஒரு மணி நேரம் தமிழ். டிசம்பருக்குள் சரளமாக எழுதப் படிக்க வேண்டும்." மூன்றாவது வாரம் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, இருபது நாள்ல நின்னு போச்சு. அம்மாவுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்குன்னு நினைச்சா ராத்திரி தூக்கம் வரல" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்வதைவிடக் கணக்குப் பார்ப்பது மேல் என்று எனக்குத் தோன்றியது.

பாதையைச் சரிசெய்வதற்கு முன் அதை அளந்து பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த இருபது நாளில் உண்மையில் எத்தனை நாள் உட்கார்ந்தார்கள்? ஆறு நாள். எவ்வளவு நேரம்? சராசரியாக இருபது நிமிடம். அவர் வீடு திரும்புவதே 8.40-க்கு. அதற்குமேல் குளியல், சாப்பாடு, பையனின் வீட்டுப்பாடம். ஒன்பது மணிக்குமேல் அந்த வீட்டில் ஒரு மணி நேரம் என்ற ஒன்றே கிடையாது. இல்லாத நேரத்தில் ஒரு வேலையைப் போட்டு வைத்திருந்தார்.

தண்டவாள வேலைக்கு நாங்கள் 'பிளாக்' வாங்குவோம். குறிப்பிட்ட நேரத்துக்கு அந்தப் பாதையில் வண்டி விடமாட்டோம் என்று இயக்கப் பிரிவு கொடுக்கும் ஒப்புதல் அது. பிளாக் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட அவிழ்க்க முடியாத வேலைகள் உண்டு. மூன்று மணி நேரம் கேட்டால் இரண்டு கிடைக்கும். அனுபவமுள்ளவர் வேலையை ஒன்றரை மணிக்கே திட்டமிடுவார், ஏனென்றால் கடைசி அரை மணி பாதையைச் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். "நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்பது பிளாக் வாங்காமல் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு போவது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, அந்த நேரத்தில் வீட்டில் எந்த வண்டி ஓடாது, தொலைக்காட்சி அணைந்திருக்குமா என்பதெல்லாம் மற்றவர்களிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒப்புதல்கள்.

அவர்களுக்குக் கிடைத்த பிளாக் சனி, ஞாயிறு காலை, இட்லிக்கு முன்னால் இருபது நிமிடம். வாரத்துக்கு நாற்பது நிமிடம்தானா என்று அவருக்கு முகம் வாடிவிட்டது. 247 எழுத்து இருக்கிறதே என்றார். 247 என்று சொல்லித்தான் நாம் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216 உயிர்மெய்யும் இந்த மெய்களோடு கால், கொம்பு, சுழி முதலிய சில குறிகளைச் சேர்ப்பதுதான். உகர ஊகார வரிசை மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உட்காரும்போது இரண்டு எழுத்து, வாரத்துக்கு நான்கு என்றால் எட்டு வாரத்தில் முதல் 31 முடிந்துவிடும். மார்ச்சில் ஆண்டுப் பரீட்சை, அங்கே நிறுத்தம். ஏப்ரலில் குறிகள். மே மாதம் ஊரில் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிப்பது.

"சரளமாக" என்ற சொல்லை அடித்துவிட்டோம். எவ்வளவு வந்தால் சரளம் என்று யார் அளப்பது? அதற்குப் பதிலாக, ஜூன் முதல் மாதம் ஓர் அஞ்சலட்டை, அவன் கையாலேயே, டிசம்பரில் ஐந்து வரி என்று எழுதினோம். அட்டை பெட்டியில் விழுந்ததா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

பேங்கரும் ஏற்பாடாயிற்று. தகப்பனார் மழையில் மாட்டிக்கொண்டு வந்து சனிக்கிழமை எழுந்திருக்க முடியாத வாரங்களில், கீழ்த்தளத்து அம்மாள் ஒருவர் அந்த இருபது நிமிடத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மட்டும். பேங்கரை லோனாவாலாவில் கழற்றிவிடுவது போல, மலை தாண்டியதும் அவரை விட்டுவிட வேண்டும். ஆண்டு முழுதும் அடுத்தவர் தயவில் ஓடும் தீர்மானம் அடுத்தவருக்கும் பாரம்.

ஆரம்ப வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாதையில் ஜல்லியை வெளியே எடுத்துச் சலித்து மறுபடி போட்ட பிறகு, அடுத்த நாளே வண்டியை முழு வேகத்தில் விடமாட்டோம். முதலில் 20 கி.மீ., சில நாள் கழித்து 45, பிறகு 75, அதன் பின்னரே வழக்கமான வேகம். புதிய ஜல்லி இளகிக் கிடக்கும். அது கெட்டிப்படுவது அதன் மேல் வண்டிகள் மெதுவாகப் போகப் போகத்தான். ஓட்டாமல் சும்மா விட்டாலும் கெட்டிப்படாது, முதல் நாளே வேகமாக ஓட்டினால் பாதை நெளியும். ஜனவரி 2-ஆம் தேதி ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு 3-ஆம் தேதி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்ளும் அன்பர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை.

தாமதமான வண்டியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. விட்ட நேரத்தைப் பிடிக்க டிரைவர் இஷ்டத்துக்கு விரட்டுவார் என்று நினைக்கிறார்கள். 110 கி.மீ. அனுமதித்த பாதையில் எத்தனை மணி தாமதமானாலும் 110-க்கு மேல் போகக் கூடாது. நேரம் பிடிப்பது அட்டவணையிலேயே ஒளித்து வைத்திருக்கும் உபரி நிமிடங்களில். கடைசி நிலையத்துக்கு முந்தைய நிலையத்திலிருந்து கடைசி நிலையம் வரை, பல வண்டிகளுக்குப் போகும்போது காட்டியிருக்கும் நேரம், அதே தூரத்தைத் திரும்பி வரும்போது காட்டியிருப்பதைவிட அதிகமாக இருக்கும். பயணிகள் இதைக் கேலி செய்வார்கள். ஆனால் அந்த உபரி இல்லாவிட்டால் ஓர் இடத்துத் தாமதம் அடுத்தடுத்த வண்டிகளுக்கெல்லாம் தொற்றும். உங்கள் தீர்மானத்திலும் ஆண்டுக்கு ஆறேழு வாரம் வெறுமையாக விட்டு வையுங்கள். காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், ஊரிலிருந்து திடீரென்று ஒரு தொலைபேசி வரும். தவறிய நடையை ஞாயிற்றுக்கிழமை சேர்த்து நடக்கிறேன் என்று பாக்கி வைக்க ஆரம்பித்தால், பாக்கி மலையாகி, ஒரு நாள் டைரியை மூடிவிடத் தோன்றும். தவறியது தவறியதுதான். அடுத்த நாள் வண்டி தன் நேரத்துக்குப் புறப்பட வேண்டும்.

முடிவுத் தேதி தள்ளிப் போவதும் தோல்வியாகாது. கொங்கண் ரயில்வே நம் கண்ணெதிரே போட்ட பாதை. 1990-இல் நிறுவனம் அமைத்து, ஐந்து ஆண்டில் முடிப்பதாகத் தொடங்கினார்கள். கோவா எல்லையில் பெர்னெம் சுரங்கத்தில் மண் குழைந்து சரிந்து சரிந்து விழுந்தது. பாறையைக் குடைவதைவிட அந்தக் களிமண் பெரும்பாடு படுத்தியது. முழுப் பாதையும் திறக்கப்பட்டது 1998-இல். ஆனால் அதற்காக அவர்கள் எல்லாவற்றையும் மூடிவைத்துக் காத்திருக்கவில்லை. 1993-லேயே தெற்கு முனையில் சிறு பகுதி திறந்து வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. ஸ்ரீதரன் அவர்களின் தலைமையை இன்றும் பாராட்டுகிறோமே தவிர, குறித்த ஆண்டில் முடியவில்லையே என்று யாரும் ஏசுவதில்லை.

டைரிகளில் நான் காணும் வேறொரு வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. தகப்பனார் தன் தீர்மானமாக "மகன் 95 சதவீதம்" என்று எழுதுகிறார். அது மகன் இழுக்க வேண்டிய சுமை, இவருடைய டைரியில் அதற்கு என்ன வேலை? "இரவு ஒன்பதரைக்குமேல் தொலைக்காட்சி போடமாட்டேன்" என்று இவர் எழுதலாம், அது இவர் கையில் இருக்கிறது. பதவி உயர்வும் அப்படியே. உயர்வு கொடுப்பது வேறொருவர். இலாகாத் தேர்வுக்குப் பணம் கட்டி, படித்து, போய் எழுதுவது நம்முடையது.

மூன்றாம் மாடிப் பையனின் முதல் அட்டை ஜூன் கடைசியில் போயிற்று. மொத்தம் மூன்றே சொற்கள்: "ஆச்சி, இங்கு மளை." பத்தாம் நாள் ஆச்சியிடமிருந்து பதில் வந்தது. அவனுடைய அட்டையையே ஓர் உறைக்குள் வைத்து அனுப்பியிருந்தார். 'ள' மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் 'ழ', கீழே பத்துக்கு ஏழு மதிப்பெண், அதற்கும் கீழே இரண்டு பக்கக் கடிதம். பையன் அதை எழுத்துக் கூட்டிப் படிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ஜூலையில் அட்டை போகவில்லை, பாக்கியும் வைக்கவில்லை. டிசம்பர் அட்டையில் ஐந்து வரியும் இருந்தன. அதில் ஒன்று, தாத்தா எப்படி இறந்தார் என்ற கேள்வி. இத்தனை வருடத் தொலைபேசிக் கத்தலில் அவன் அதைக் கேட்டதே இல்லையாம்.

வரும் ஆண்டுக்கு என்ன திட்டம் என்று விசாரித்தேன். மாதம் பத்து வரியாக்கிவிடலாமா என்று தகப்பனார் என்னைப் பார்த்தார். பையன் முந்திக்கொண்டான்.

"ஆறு போதும் தாத்தா. ஜூன்ல ஸ்கூல் திறந்துடும்."